வேண்டிப் பெற்ற குறை

1867-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இங்கிலாந்தில் கென்ட் பிரதேசத்து ஹாக்ஹர்ஸ்ட் என்னும் கிராமத்தில், வான சாஸ்திரத்திலும் ரஸாயனத்திலும் பெருங்கீர்த்தி பெற்று அப்போது 75 வயதை எட்டியிருந்த ஸர் ஜான் ஹெர்ஷல் என்ற பெரியவர், கண்ணாடித் தகடுகளும் மருந்துப் புட்டிகளுமாகத் தம் வீட்டில் வந்து இறங்கிய பழைய சிநேகிதி ஒருவரின் கட்டளைக்குப் பணிந்து, நரைத்த தலையை அலசி, சீப்புப் படாமல் அப்படியே விட்டு, கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்தச் சிநேகிதியின் பெயர் ஜூலியா மார்கரெட் காமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர்; 48-ஆம் வயதில் மகளும் மருமகனும் பொழுதுபோக்குக்காக வாங்கித் தந்த காமிராவைக் கையில் எடுத்து, நான்கு வருஷத்துக்குள் இங்கிலாந்தின் புகைப்பட சங்கத்தாரையெல்லாம் கோபப்படுத்தியிருந்தவர்.

உட்கார்ந்திருந்தவர் யார் என்பதை நினைத்தால் அந்தக் காட்சியின் சுவை கூடும். வெள்ளி உப்புக்களைக் கரைத்துப் படத்தை நிலைக்கச் செய்யும் ‘ஹைப்போ’ உப்பின் குணத்தை 1819-லேயே கண்டு சொன்னவர் ஹெர்ஷல். ‘போட்டோகிராபி’ என்ற பெயரை 1839-இல் விஞ்ஞானிகளிடையே வழங்கச் செய்தவரும் அவரே. தெளிவான படம் எது, தெளியாத படம் எது என்று அவருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர், தம் முகத்துச் சுருக்கங்கள் பாதி இருளில் மறைய, அலைந்த நரைமயிர் ஒரு வெளிச்சப் படலமாகச் சிதறி நிற்க, கண்கள் இரண்டும் எங்கோ நெடுந்தூரத்தைப் பார்ப்பனபோல் ஈரமாய் மின்ன எழுந்த அந்தப் படத்தை உவந்து ஏற்றுக்கொண்டார். புகைப்படப் பத்திரிகைக்காரர்களோ அந்த அம்மையாரின் படங்களைப் பார்த்துவிட்டு, இவருக்குக் காமிராவின் அரிச்சுவடியே தெரியாது என்று எழுதினார்கள்.

தெரியாமல் இல்லை. வில்லையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் உருவம் தமக்கு அழகாகப் படுகிறதோ அங்கேயே நிறுத்திவிடுவதாகவும், மற்றவர்களைப்போல் அதற்குமேல் திருகித் துல்லியத்தைத் தேடிப் போவதில்லை என்றும் அவர் பின்னால் எழுதிய நினைவுக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். அந்தச் சிறு நிறுத்தத்திலிருந்து அரை நூற்றாண்டுக் காலம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஆட்டிவைத்த ஒரு கலை நெறி கிளைத்தது என்றால், அந்த நெறியின் பௌதிகத்தை ஆராய்வது வீண் வேலை ஆகாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். படம் மங்கலாயிருந்தால் ‘போகஸ் இல்லை’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். மங்கல் என்பது ஒரு ஜாதி அன்று. அதற்குள் பல ஜாதிகள் உண்டு, அவற்றின் பிறப்பும் குணமும் வேறு வேறு. வீட்டில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். இரவில் அறையின் ஒரு கோடியில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, மறு கோடியில், உள்ளங்கை அகலமுள்ள பூதக்கண்ணாடியைச் சுடருக்கு நேராக நிறுத்தி, அதன் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் தலைகீழான சுடர் ஒன்று தாளில் விழும். கூர்ந்து பார்த்தால், நடுவே சுடரின் வடிவம் கூர்மையாகவும், அதைச் சுற்றி மெல்லிய ஒளிப்புகை ஒன்று படர்ந்தும் தெரியும். ஓரங்களில் கொஞ்சம் நீலமும் சிவப்புமாக நிறம் கசியும். நிறக் கசிவு வேறொரு கதை; இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

இப்போது ஒரு கறுப்புக் காகிதத்தின் நடுவில் எட்டணாக் காசு அளவுக்கு ஓட்டை போட்டு அதைக் கண்ணாடியின்மேல் ஒட்டுங்கள். ஒளிப்புகை மறைந்துவிடும், சுடர் சற்று மங்கி, ஆனால் செதுக்கினாற்போல் நிற்கும். பிறகு அதை எடுத்துவிட்டு, நேர்மாறாக, நடுப்பகுதியை ஒரு வட்டக் காகிதத்தால் மூடி விளிம்பை மட்டும் திறந்து விடுங்கள். முன்பு தெளிவாயிருந்த இடத்தில் இப்போது சுடர் கலைந்துபோயிருக்கும். தாளைக் கண்ணாடிக்குச் சிறிது கிட்டத்தில் கொண்டுவந்தால்தான் அது ஓரளவேனும் திரண்டு வரும். நடந்தது இதுதான்: வளைந்த கண்ணாடியின் விளிம்பு வழியே வரும் கிரணங்கள் அளவுக்கு மீறி முறிந்து முன்கூட்டியே கூடிவிடுகின்றன, நடு வழியே வருபவை சற்று அப்பால் போய்க் கூடுகின்றன. இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். கோளத்தின் துண்டாகத் தேய்க்கப்பட்ட ஒவ்வொரு வில்லைக்கும் கூடப்பிறந்த வியாதி இது.

சாதாரணக் குவியப் பிசகும் வில்லையின் இந்த வியாதியும் தாளில் எழுதும் எழுத்தே வேறு. குவியம் தப்பிய படத்தில் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் விரிந்து ஒரே சீரான தட்டாகிவிடுகிறது. புள்ளி என்பதே அங்கே இல்லை, உருவத்தின் எலும்பு கரைந்துபோகிறது. கோளப் பிறழ்ச்சியுள்ள வில்லையிலோ நடுக் கிரணங்கள் கூர்மையான ஒரு கருவை வரைந்துவிடுகின்றன. விளிம்புக் கிரணங்கள் அந்தக் கருவைச் சுற்றி ஒரு பரிவேஷத்தைப் போர்த்துகின்றன. நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கும் இரவில் நிலவு மறைந்துபோவதில்லை அல்லவா? அதுபோலத்தான். ஒளி மிகுந்த இடங்களிலிருந்து இந்தப் பரிவேஷம் இருண்ட இடங்களுக்குள் வழிந்து நுழைவதால், வெளிச்சம் பட்ட கூந்தலும், வெள்ளைத் துணியின் ஓரமும், நீரின் மினுக்கமும் தாமே ஒளிர்வனபோலத் தோன்றும். தோலின் தழும்பும் சுருக்கமும் வெளிச்சப் புகையில் அடங்கிவிடும். ஆனால் கண்ணின் வரையும் உதட்டின் கோடும் அழியாமல் இருக்கும். மென்குவியம் என்று நாம் சொல்ல வேண்டியது இதை மட்டுமே. காமரன் அம்மையாரின் படங்களில் இது இருந்தாலும், பெரிய தகடும் அகலத் திறந்த வில்லையும் சேர்ந்து உண்டாக்கிய குவியப் பிசகும், நிமிஷக்கணக்கில் அசையாமல் உட்கார முடியாதவர்களின் அசைவும் அதனோடு கலந்திருக்கின்றன. அவருடைய மேதை வேறு, அவருடைய வில்லை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அவரைப் பின்பற்றியவர்கள் அநேகர்.

இங்கேதான் சரித்திரம் ஒரு வேடிக்கை செய்கிறது. 1840-இல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணித ஆசிரியர், பீரங்கிப் படையிலிருந்து கணக்குத் தெரிந்த வீரர்களை இரவல் பெற்று, மாதக்கணக்கில் கிரணங்களின் பாதையைக் கணக்கிட்டு, முகம் எடுப்பதற்கென்றே ஒரு வில்லைத் தொகுதியைச் சமைத்துக் கொடுத்தார். அதற்குப்பின் ஐம்பது ஆண்டுக் காலம் ஐரோப்பாவின் கண்ணாடித் தொழில் முழுவதும் பிறழ்ச்சிகளை ஒவ்வொன்றாக வேட்டையாடுவதிலேயே கழிந்தது. யேனா நகரத்தில் புதுவகைக் கண்ணாடிகள் வார்க்கப்பட்டு, 1890-இல் ஸைஸ் ஸ்தாபனத்தின் பால் ருடால்ப் விளிம்பு வரையில் தெளிவு குன்றாத வில்லையை வெளியிட்டபோது வேட்டை ஏறக்குறைய முடிந்துவிட்டது. முடிந்த ஆறே வருஷத்தில், 1896-இல், பெர்க்கைம் என்ற சித்திரக்காரரின் வேண்டுகோளுக்கு இணங்கி, லண்டனில் புகழ் பெற்ற டால்மேயர் என்ற வில்லைத் தொழிலதிபர், பிறழ்ச்சியைத் திருத்தாமலே விட்ட வில்லை ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார்! தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டுத் துரத்திய பேயை விலை கொடுத்து வீட்டுக்குள் அழைத்த கதை இது.

ஏன் அழைத்தார்கள்? 1888-இல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் 25 டாலருக்கு விற்ற கோடக் பெட்டியில் நூறு படத்துக்கான சுருள் அடைத்தே வந்தது. பித்தானை அழுத்தினால் போதும், மற்றதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். தையற்காரரும் தபால்காரரும் தெளிவான படம் எடுக்கத் தொடங்கியபின், தெளிவுக்கு மதிப்பு எங்கே இருக்கும்? புகைப்படம் யந்திரத்தின் வேலை, கலையாகாது என்று சித்திரக்காரர்கள் ஏளனம் செய்துகொண்டிருந்த காலத்தில், யந்திரத்தின் கூர்மையை மழுக்கி மனிதனின் கையைக் காட்டுவதுதான் கலையென்று நிரூபிக்கும் வழியாகப் புகைப்படக்காரர்களுக்குப் பட்டது. இந்தத் தாழ்வு மனப்பான்மையைச் சொல்லாமல் அந்த இயக்கத்தின் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் ஒருவர் மட்டும் சித்திரக்காரரின் தயவை நாடாமல், சாஸ்திரத்தின் பேராலேயே மென்மைக்கு வாதாடினார். பீட்டர் ஹென்றி எமர்ஸன் வைத்தியப் படிப்புப் படித்தவர். நார்போக் சதுப்பு நிலங்களில் படகோட்டிகளையும் நாணல் அறுப்பவர்களையும் படம் எடுத்து, 1886-இல் 40 பிளாட்டினம் பிரதிகள் கொண்ட அருமையான நூல் ஒன்றை வெளியிட்டவர். 1889-இல் அவர் எழுதிய நூலில், ஜெர்மானிய மேதை ஹெல்ம்ஹோல்ட்ஸின் விழியியல் ஆராய்ச்சியை ஆதாரமாகக் காட்டி, மனிதக் கண் எல்லாவற்றையும் ஒரே தெளிவில் காண்பதில்லை, நோக்கிய பொருளை மட்டுமே தெளிவாகக் காண்கிறது, ஆகையால் படமும் முக்கியப் பொருளை மட்டும் தெளிவாகவும் மற்றவற்றைச் சற்று மென்மையாகவும் காட்டினால்தான் அது உண்மையாகும் என்று வாதித்தார்.

வாதத்தின் முதற் பகுதி முற்றிலும் சரி. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். அந்த நகம் மறைக்கும் இடம் ஏறக்குறைய இரண்டு பாகை. விழித்திரையின் நடுவே உள்ள சிறு குழியில் விழும் அந்த இரண்டு பாகைக்குள்ளேதான் நமக்கு உண்மையான கூர்மை உண்டு. அதற்கு வெளியே உள்ளதையெல்லாம் கண் ஓடி ஓடித் தொட்டு வருவதால் முழுவதும் தெளிவாயிருப்பதாக மனம் ஏமாறுகிறது. ஆனால் இரண்டாம் பகுதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. படத்தைப் பார்ப்பதும் அதே கண்தானே? படத்தில் எதை நோக்கினாலும் அதைச் சுற்றியுள்ளதைக் கண்ணே மங்கலாக்கிக்கொள்ளும். காமிராவும் அதை மங்கலாக்கிவிட்டால் ஒரே காரியம் இரண்டு முறை செய்யப்பட்டதாகும். எமர்ஸன் தம் கொள்கையைக் கைவிட்டதற்கு இந்த ஓட்டை காரணமில்லை என்பதுதான் விசித்திரம். விட்னெஸ் நகரத்து ரஸாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹர்ட்டர், டிரிப்பீல்ட் என்ற இருவர், தகட்டின் கருமை வெளிச்சத்தின் அளவை ஒட்டி எந்த விதிப்படி ஏறுகிறது என்பதை அளந்து 1890-இல் வெளியிட்டார்கள். கழுவும்போது கலைஞன் தன் இச்சைப்படி ஒளி நிழல்களின் விகிதத்தை மாற்றிவிடலாம் என்று எமர்ஸன் நம்பியிருந்தார். அது ஆகாது என்று அவர்களுடைய கணக்குச் சொல்லிற்று. விகிதத்தைக் கட்டியாள முடியாதவன் கலைஞனாக மாட்டான் என்று முடிவு கட்டிய அவர், மரண அறிவிப்புப்போல் கறுப்புக் கரையிட்ட சிறு பிரசுரம் ஒன்றை அச்சிட்டுத் தம் கொள்கை இறந்துவிட்டதென்று ஊருக்கு அறிவித்தார். தவறு செய்த இடத்தை விட்டுவிட்டுத் தவறாத இடத்தில் மன்னிப்புக் கேட்டாலும், ஒரு கிராப் கோட்டுக்காகத் தம் சமயத்தையே துறந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும்.

அவருடைய சீடர்கள் துறக்கவில்லை. ஜார்ஜ் டேவிஸன் என்பவர் வில்லையையே எறிந்துவிட்டு, தகரத்தில் குத்திய ஊசித் துளை வழியே 1890-இல் ஒரு வெங்காய வயலைப் படம் எடுத்துப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். துளைக்குக் குவியமே கிடையாது; அருகும் தொலைவும் ஒரே அளவாக மங்கியிருக்கும். துளையைச் சிறிதாக்கினால் கூர்மை கூடும், ஆனால் ஓர் எல்லை வரையில்தான். ஒரு சாண் ஆழமுள்ள பெட்டியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்கும் கீழே போனால் ஒளி அலைகள் துளையின் விளிம்பில் வளைந்து பரவி, கூர்மை மறுபடியும் குறையத் தொடங்கும். 1892-இல் டேவிஸனும் அவரோடு சேர்ந்தவர்களும் லண்டனில் ‘பிணைந்த வளையம்’ என்ற தனிச் சங்கம் கண்டார்கள். மற்ற நகரங்களிலும் இப்படியே சங்கங்கள் முளைத்தன. அவற்றின் உட்பூசல்களை விவரிக்க இந்த அத்தியாயம் போதாது. விவரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பார்க்க வேண்டியது பாரிஸில், ராபர்ட் டெமாஷி என்ற செல்வந்தரின் தொட்டியில் நடந்த வேலை. வில்லையால் வரும் மென்மை படம் எடுக்கும் கணத்தோடு முடிந்துவிடும். அவருக்கு வேண்டியிருந்ததோ படம் அச்சாகும்போதும் கை வைக்கும் சுதந்திரம். அதற்கு அவர் பிடித்த உபாயம் பிசின் அச்சு. நம் ஊர்க் கருவேலமரத்தின் இனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க மரங்களில் வடியும் பிசினைத் தண்ணீரில் கரைத்து, அதில் சித்திரக்காரரின் நீர்வர்ணத்தையும் பொட்டாசியம் டைக்குரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பையும் கலந்து, கெட்டித் தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். அதன்மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடத்தில் குரோமியம் தன் நிலை மாறிப் பிசினின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. பின்னப்பட்ட பிசின் நீரில் கரையாது. பிறகு தாளைத் தொட்டியில் முகம் குப்புற மிதக்கவிட்டால், வெளிச்சம் படாத இடத்துப் பிசின் வர்ணத்தோடு சேர்ந்து மேகம்போல் இறங்கிக் கரைந்துபோகும். மறைந்திருந்த உருவம் மெல்ல மெல்ல வெளிவரும். அந்த நேரத்தில் பிசின் இன்னும் நெகிழ்ந்திருப்பதால், மெல்லிய தூரிகையாலோ நீர்த்தாரையாலோ வேண்டாததை வழித்தெடுக்கலாம். வானத்தை வெளிறச் செய்யலாம். முதுகுப்புறத்து நாற்காலியை இல்லாமலே ஆக்கிவிடலாம்.

சங்கடங்களும் இல்லாமல் இல்லை. பிசின் மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கி இறுகுவதால், இடைப்பட்ட நிழல்களில் மேற்படலம் மட்டும் இறுகி அடியில் கரைசலாகவே இருக்க, அந்த இடம் முழுவதும் தாளை விட்டு நழுவிவிடும். ஆகையால் மறுபடி பூசி, மறுபடி நெகட்டிவைப் பழைய இடத்திலேயே மயிரிழை தவறாமல் பொருத்தி, இரண்டு மூன்று முறை அச்சிட வேண்டியிருந்தது. நெகட்டிவும் படத்தின் அளவுக்கே இருந்தாக வேண்டும். டைக்குரோமேட்டோ தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும் விஷம். இத்தனையும் சகித்துக்கொண்டு அவர்கள் செய்த பிரதிகளில் கரிக்கோலின் சொரசொரப்பும் நீர்வர்ணத்தின் கசிவும் இருக்கும்; புகைப்படமென்று யாரேனும் சொன்னாலொழிய நம்பமுடியாது. அதையே அவர்கள் வெற்றி என்று கொண்டார்கள். என் அபிப்பிராயத்தில் டெமாஷியின் பிரதிகளில் பாதிக்குமேல் அந்த வெற்றியினாலேயே தோற்றுப்போனவை.

தோற்காதவர் எட்வர்ட் ஸ்டைக்கன். 1879-இல் லக்ஸம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர், இளமையில் முக்காலியைத் தற்செயலாகக் காலால் இடித்ததும், லென்ஸின்மேல் தண்ணீர் பட்டதும் படத்துக்குக் கொடுத்த மென்மையைக் கண்டு, பின்னர் அவற்றை வேண்டுமென்றே செய்யக் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். 1904-இல் நியூயார்க்கின் ‘பிளாட்டயரன்’ கட்டடத்தை மாலை மழையீரத்தில் எடுத்தார். முதலில் பிளாட்டினத்தில் அச்சிட்டு, அதன்மேல் வர்ணப் பிசினைப் பூசி மறுபடி அச்சிட்டார். பிளாட்டினம் உருவத்தின் எலும்பைக் காத்தது. பிசின் அதன்மேல் அந்திப்பொழுதின் நீலத்தைப் போர்த்தியது. கோளப் பிறழ்ச்சியில் கண்டோமே, கூர்மையான கருவும் அதைச் சூழ்ந்த பரிவேஷமும், அதே இரட்டை அமைப்பு இங்கே தாளின் மேல், இரண்டு ரஸாயனங்களால் அமைந்துவிட்டது. கிளையின் கோடு கிளையாகவே நிற்கிறது. வண்டிக்காரனின் தொப்பி தொப்பியாகவே இருக்கிறது. ஆனால் காற்று ஈரமாயிருக்கிறது. அந்தப் படத்தின் ஒரு பிரதி 2022-இல் ஒரு கோடியே பதினெட்டு லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

ஸ்டைக்கனின் தோழர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1902-இல் நியூயார்க்கில் கண்ட சங்கமும், 1903-இல் தொடங்கிய ‘காமிரா வொர்க்’ பத்திரிகையும் இந்த நெறியை உச்சிக்குக் கொண்டுபோயின. 1917-இல் சந்தாதாரர்கள் நாற்பதுக்கும் கீழே குறைந்து பத்திரிகை நின்றபோது, அதன் கடைசி இதழை நிரப்பியவை பால் ஸ்ட்ராண்ட் என்ற இளைஞரின் கத்திபோன்ற தெளிவான படங்கள். 1932-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஆன்ஸல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் அவர்களோடு சேர்ந்தவர்களும் பெரிய காமிராவின் மிகச் சிறிய துளை எண்ணாகிய 64-ஐயே தங்கள் குழுவுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். துளை சிறுத்தால் விளிம்புக் கிரணங்கள் தடைப்படும், கோளப் பிறழ்ச்சி ஒழியும், அருகும் தொலைவும் ஒருங்கே தெளியும். நம் கறுப்புக் காகித ஓட்டை செய்த வேலைதான். மென்மையை ஒரு பாவமாகவே அவர்கள் கருதினார்கள்.

ஆனால் அதே சமயத்தில், யாரும் அவ்வளவாகக் கவனிக்காமல், அந்தப் பாவத்துக்கு மிகச் செம்மையான கருவி ஆஸ்திரியாவில் உருவாகிக்கொண்டிருந்தது. இன்ஸ்ப்ருக் நகரத்தில் வாழ்ந்த ஹைன்ரிக் கூன், வைத்தியமும் இயற்கை சாஸ்திரமும் கற்றுப் பின் புகைப்படத்துக்கு வந்தவர். பிசின் அச்சில் கைதேர்ந்தவர். முதுமையில் அவர், கை வேலையெல்லாம் வேண்டாம், மென்மை வில்லையிலிருந்தே வரவேண்டும் என்ற முடிவுக்கு வந்து, ஷ்டேப்ளே என்ற வில்லை நிபுணரோடு கூடி உழைத்தார். 1930-களின் தொடக்கத்தில் ரோடன்ஸ்டாக் ஸ்தாபனம் ‘இமாகான்’ என்ற பெயரில் அதை விற்றது. அதன் முன்னால் ஒரு சல்லடைத் தட்டு: நடுவில் பெரிய துளை, சுற்றிலும் சிறு துளைகள். நடுத்துளை கருவை வரையும். சுற்றுத் துளைகளைத் திருகித் திறக்கத் திறக்க விளிம்புக் கிரணங்கள் அளவாக உள்ளே வந்து பரிவேஷத்தைக் கூட்டும். உப்புப் போடுவதுபோல மென்மையைச் சிட்டிகைக் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். பூதக்கண்ணாடியின் முன்னால் நாம் இரண்டு காகிதங்களை மாற்றி மாற்றி வைத்தோமே, அந்த இரண்டையும் ஒரே தட்டில் அமைத்ததுதான் அந்தச் சாதனம். ஸ்டீக்லிட்ஸின் சங்கத்தில் இருந்த கார்ல் ஸ்ட்ரஸ் முன்னமே இப்படியொரு வில்லையைத் தம் பெயரால் செய்து விற்றுவிட்டு ஹாலிவுட்டுக்குப் போய், ஒளிப்பதிவுக்கு வழங்கப்பட்ட முதல் ஆஸ்கர் பரிசில் பங்கு பெற்றார். நடிகைகளின் அண்மைக் காட்சிகளில் முகம் நிலவுபோல் ஒளிர்ந்ததற்கு அந்தப் பரம்பரையே மூலம்.

ஆகையால் இனி ஒரு பழைய முகப்படமோ கறுப்பு வெள்ளைத் திரைப்படமோ உங்கள் முன் வந்து, இது கலையா, எடுத்தவரின் கைப்பிசகா என்ற சந்தேகம் எழுந்தால், கன்னத்தையும் கூந்தலையும் விட்டுவிட்டுக் கண்மணிக்குள் விழுந்திருக்கும் வெளிச்சப் பொட்டை மட்டும் பாருங்கள். பொட்டு வெறும் வட்டமாய் விரிந்து வெளுத்திருந்தால் குவியம் தப்பியது. ஊசி முனைபோல் நின்று, தன்னைச் சுற்றி ஒரு சிறு கோட்டை கட்டியிருந்தால், அது வேண்டிப் பெற்ற குறை.